தரை போட்ட சிலுவை

நம்ம குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு.

பிள்ளைகள் என்று சொல்கிறேன். ஆளாளுக்கு முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயசாகிவிட்டது. இருந்தாலும் எனக்கு நீங்கள் ஆபீஸ் பஸ்ஸின் பின்னால் ஓடின பிள்ளைகள்தான்.

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்ததே, ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒருவர். பெரிய மேடை, பின்னால் கொடி. யாருக்கு ஓட்டுப் போட்டால் தேசம் பரிசுத்தமாகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். தோல் நிறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் தேசத்தைப் பிரிக்கிறார்கள் என்கிறார். அதற்குக் கீழே நம்மில் ஒருத்தர் எழுதினார்: "இங்கேயும் இதே கதைதான். இடஒதுக்கீடு, இடஒதுக்கீடு என்று சாதியை வளர்க்கிறார்கள். நல்லவேளை, நமக்குச் சாதி கிடையாது, நாம் கிறிஸ்தவர்கள்." வரிசையாக எல்லாரும் கைகூப்பும் சிலுவைப் படமும் போட்டீர்கள். நானும் ஒரு சிலுவை போட்டேன்.

போட்டுவிட்டு, போட்ட விரலையே பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை.

கோயில் நூற்றாண்டு மலருக்கு என் அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். "நீங்க பேசுற மாதிரியே எழுதிக் குடுங்க" என்று சொன்னீர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். மளிகை கட்டி வருகிற காகிதத்தைப் பிரித்துப் படித்துப் படித்து வந்த தமிழ்தான் என்னுடையது. அதனால் பேசுகிறேன். அந்த இரண்டு பக்கம் இதுதான். இரண்டில் அடங்கவில்லை.

அந்த வருஷம் எனக்குப் பதினொன்று. மழை தொடங்கி கிறிஸ்துமஸ் வருகிறவரைக்கும் ஒரு மூன்று மாசம். என் வாழ்க்கையில் மற்ற மாசமெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது. அந்த மூன்று மட்டும் ஈரத்துணி மாதிரி இன்னும் காயாமல் கிடக்கிறது.

நம் அப்பாக்களுக்கெல்லாம் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. குவார்ட்டர்ஸில் பள்ளிக்கூடம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கிளப் உண்டு. நம் கோயில் மட்டும் இல்லை. தெற்கத்திக்காரர்கள் நாம் சர்ச்சைக் கோயில் என்றுதானே சொல்லுவோம். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில், சைக்கிளில், மாமல்லபுரத்துக்குப் போகிற ரோட்டில் கொஞ்சத்தூரம் போய், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் திரும்பி, கால்வாயைத் தாண்டிப் போவோம். அங்கே வெள்ளைக்கார மிஷனரி காலத்து ஓட்டுக் கோயில். உள்ளே நுழைந்ததும் வௌவால் வாசனை, தேங்காய் நார்ப் பாய் வாசனை, ஈரச் சுண்ணாம்பு வாசனை. இப்போது மார்பிள் போட்டு ஏசி வைத்த பிறகு அங்கே எந்த வாசனையும் இல்லை.

கோயிலைச் சுற்றி இருந்தது காலனி. ஊர் ஒதுக்கிவைத்த ஜனம். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாத காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கின குடும்பங்கள். அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தது அவர்களுடைய தாத்தா பாட்டிகள். நாம் வந்தது பிறகு. வந்த அஞ்சாறு வருஷத்தில் கமிட்டி முழுக்க நம் ஆட்கள். அப்பா செயலாளர்.

நாம் வலதுபக்கம் பெஞ்சில் உட்காருவோம். அவர்கள் இடதுபக்கம் பாயில். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, சத்தியமாக. அதுதான் விஷயமே. யாரும் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

கைப்பிடி அரிசி ஞாபகம் இருக்கிறதா? உலை வைக்கும்போதெல்லாம் அம்மாக்கள் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவார்களே. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் டிரம்மில் கொட்டவேண்டும். சேர்ந்ததைக் கோயில் செலவுக்கென்று ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டில் அது என் வேலை. அங்கே ஒரு டிரம் இல்லை, இரண்டு டிரம். பச்சைப் பெயிண்ட் அடித்த ஒன்று, துருப்பிடித்த ஒன்று. ஒரு தடவை நான் அவசரத்தில் துருப்பிடித்ததில் கொட்டிவிட்டேன். அம்மா கையால் அள்ளி அள்ளி எடுத்தாள். "ரேஷன் அரிசியில கலந்துட்டியே, ஏலத்துல யாரு எடுப்பா?" என்றாள். ரேஷன் அரிசி. நாம் அதற்கு வைத்திருந்த பெயர் அது. காலனி வீடுகளில் நல்ல அரிசி வாங்குகிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் அரிசியும் துருப்பிடித்ததில்தான் விழுந்தது.

இனி, வாசிக்கிற அக்காவைப் பற்றி.

ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிறது அவள்தான். காலனியில் நர்ஸ் படிப்புப் படித்த முதல் பெண். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசு இருக்கும். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸாக இருந்தாள். நிரந்தர ஆர்டருக்குக் காத்துக்கொண்டிருந்தாள். வாசிக்கும்போது குரல் அப்படியே நிற்கும், ஓர் எழுத்து வழுக்காது. வாசித்து முடித்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "இன்னாடி, யாரோ என் செருப்ப இஸ்துகினு போய்ட்டாங்களா?" என்பாள். நாம் பெஞ்சுப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, "கீது, கீது" என்று குருவி மாதிரிக் கத்திக் கேலி பண்ணுவோம். அவள் கோபப்பட்டதே இல்லை. "உங்க பாஷ மட்டும் இன்னா? வாளா போளான்னுகினு. கத்தி சண்டயா போடறீங்க?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளில் எழுதினாலும், ஆஸ்பத்திரிக் குறிப்பானாலும் சரி, முதலில் மேலே நடுவில் குட்டியாக ஒரு சிலுவை போடுவாள். நம் எல்லார் வீட்டிலும் அது உண்டு. பால் கணக்கு, லீவ் லெட்டர், மளிகைச் சீட்டு எல்லாவற்றின் தலையிலும் சிலுவை இருக்கும். ஆனால் அவளுடையதில் சிலுவைக்குக் கீழே குறுக்கே ஒரு சின்னக் கோடும் இருக்கும், இரண்டு ஓரமும் லேசாக வளைந்து.

"இது என்னக்கா?" என்றேன்.

"தரைடி. சிலுவ அந்தரத்துல நிக்குமா? ஒரு தரை வேணாமா அதுக்கு?"

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து என் வேதவசன நோட்டிலும், பள்ளிக்கூட நோட்டிலும், தோழிக்கு எழுதின சீட்டிலும் தரை போட்ட சிலுவைதான். கை தானாகப் போடும். குவார்ட்டர்ஸில் அப்படிப் போடுகிறது நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை வேறு.

அவளுக்கு இரண்டு பெயர் இருந்ததும் எனக்குத்தான் தெரியும். கோயிலில் ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று. ஒருநாள் அவள் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டை விழுந்தது. எடுத்துப் படித்தால் அம்மன் பெயர் ஒன்று இருந்தது. "இது யாருக்கா?" என்று கேட்டேன்.

"நான்தான். ஞானஸ்நானம் வாங்கிக்கினா எஸ்.சி. சலுக போய்டும், தெர்மா? தண்ணி தெளிச்சா சாதி போய்டும்னு கவருமெண்டு நம்புது. ஊரு நம்பலியே. டீக்கடயில கிளாஸ தனியாத்தான வெக்கிறான்? அதான் ஆபீஸ்ல ஒரு பேரு, வூட்ல ஒரு பேரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினொரு வயசுப் பிள்ளையிடம் மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் அதை வேடிக்கையாகச் சொன்னேன். "அப்பா, வாசிக்கிற அக்காவுக்கு ரெண்டு பேருப்பா!" அம்மன் பெயரையும் சொன்னேன். அப்பா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர், "அப்படியா?" என்றார். அவ்வளவுதான். நானும் மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்கென்று எங்கிருந்தோ மெத்தைவைத்த நாற்காலி கொண்டுவந்து போட்டோம். வெள்ளைக்காரர் வருவார் என்று வாசலில் நின்றால், காரிலிருந்து இறங்கினவர் நம்மைவிடக் கறுப்பு. நெடுநெடுவென்று, வெள்ளைச் சட்டையில். மாலையைக் கையில் வைத்திருந்த அப்பா, காருக்குள் இன்னொருத்தர் இருக்கிறாரா என்று குனிந்து பார்த்தார். அதை நான் பார்த்தேன். காலனிப் பக்கத்தில் யாரோ, "டேய், நம்ம ஆளுடா!" என்றார்கள்.

அவர் இங்கிலீஷில் பேச, அப்பா தமிழில் சொன்னார். அவர் ஊரில் ஒரே தெருவில் இரண்டு ஆலயமாம். ஒரே வேதம், ஒரே பாட்டு. வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, கறுப்பர்களுக்கு ஒன்று. சின்ன வயசில் தவறிப்போய் எதிர் ஆலயத்தின் படியில் ஏறினதற்கு அவருடைய அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்களாம். நிறுத்தினவர்கள் கெட்டவர்கள் இல்லை, தினமும் ஜெபம் பண்ணுகிறவர்கள், ஊர் ஒழுங்கு கெடக்கூடாது என்று நினைத்தவர்கள் என்றார். அந்த இடத்தைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் உடைந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் அம்மாக்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். "என்ன அக்கிரமம் பாத்தியா, அதுவும் கிறிஸ்தவ தேசத்துல" என்றாள் அம்மா.

அப்புறம் சாப்பாடு. நமக்கு மேஜை, பீங்கான் தட்டு. காலனிக்காரர்களுக்குப் பின்பக்கம், இரண்டு டிரம்முக்கும் பக்கத்தில், தரையில் இலை. பிரசங்கியார் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து அப்பாவிடம் என்னவோ கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டு என்னவோ சொன்னார். பிரசங்கியார் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "அவரு என்ன கேட்டாரு?"

"ஏன் அவங்க மட்டும் தனியா இருக்காங்கன்னாரு. அவியளுக்குத் தரைதான் சௌரியம்னு சொன்னேன்."

"நம்பிட்டாரா?"

"ஏன் நம்பமாட்டாரு? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

தான் பொய் சொன்னதாக அப்பா நினைக்கவே இல்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்துக் காலனிக்காரர்கள் ஒரு மனு கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கினவர்களுக்கும் அந்தச் சலுகை வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினது. எழுதினது வாசிக்கிற அக்கா. சபை சார்பில் செயலாளர் கையெழுத்துப் போட்டால் கனம் கூடும் என்று அவளுடைய நைனா கேட்டார். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவர், கையெல்லாம் காய்ப்பு. மனுவை ஈரம்படாமல் பாலிதீன் கவரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அப்பா கவரைப் பிரிக்கவே இல்லை. "கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம். நமக்கு இரட்சிப்புதான் முக்கியம். கிறிஸ்துவுக்குள்ள சாதி இல்லன்னு சொல்லிட்டு, நாமளே சாதி கேட்டுப் போய் நிக்கலாமா?" என்றார். பெஞ்சிலிருந்து ஆமென் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்தல் வேட்பாளர் ஒருவர் வந்தார். முன்பெஞ்சில் உட்காரவைத்துச் சால்வை போட்டோம். கோயிலுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார். அன்றைய பிரசங்கமே அரசாங்கத்துக்கு அடங்கி நடப்பதைப் பற்றித்தான். ஆராதனை முடிந்ததும் அக்காவின் நைனா அப்பாவிடம் வந்தார்.

"சார், ஒரு டவுட்டு."

"சொல்லுங்க."

"போன வாரம் நாங்க எட்த்தாந்தது அரசியலு. இந்த வாரம் கரைவேட்டி கட்டிகினு வந்தது இன்னாது சார், ஞானப்பாட்டா?"

காலனிப் பக்கம் குபீரென்று சிரிப்பு. நம் பக்கத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டு, அப்பா திரும்பினதும் இருமினார்கள்.

கார்த்திகையில் கமிட்டித் தேர்தல் வந்தது. அதுவரை செயலாளர் பதவிக்கு அப்பாவை எதிர்த்து யாரும் நின்றதில்லை. அந்தத் தடவை வாசிக்கிற அக்கா வேட்புமனு கொடுத்தாள். தலையெண்ணிக்கையில் காலனிதான் பெரிது. நின்றால் அவள் ஜெயிப்பாள். அது அப்பாவுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் மாமாக்கள் கூடி ஜெபம் பண்ணினார்கள். ஜெபத்துக்கு நடுவில், "ரெண்டு டிரம்மையும் ஒண்ணாக்கப்போறாளாம்" என்று பேச்சு வந்தது. "நாளைக்கு அவங்ககூட உக்காந்து திங்கணும்" என்றும் ஒருத்தர் சொன்னார். பிறகு மறுபடியும் கண்ணை மூடினார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மழை விட்டு வெயில் அடித்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. ஒன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்லா? அப்பா சொல்லுதத எழுது."

சாப்பாட்டு மேஜையில் நீலப் பூப்போட்ட ரெக்சின் விரிப்பு. அதன்மேல் கோடு போட்ட ஒரு தாள். மைப்பேனா. வேதவசனப் போட்டியில் எழுத்துக்காகப் பரிசு வாங்கினவள் நான். குஷியாக உட்கார்ந்தேன். அப்பா தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, உதட்டை அசைத்து ஜெபம் பண்ணினார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் என் கை தாளின் தலையில் அதன் வேலையை முடித்துவிட்டது.

மாவட்ட அதிகாரிக்கு என்று ஆரம்பித்தார். இன்ன பெயரில் வேலை பார்க்கிற இன்ன பெண் உண்மையில் கிறிஸ்தவள். சபைப் பதிவேட்டில் இன்ன பெயர், இன்ன பக்கம். இந்துக்களுக்குச் சேரவேண்டிய இடத்தை ஏமாற்றிப் பிடித்திருக்கிறாள். ஆகவே நடவடிக்கை எடுக்கவேண்டும். எழுதிக்கொண்டே வந்தேன். அந்த அம்மன் பெயரை எழுதினபோது, இதை நான்தானே அப்பாவுக்குச் சொன்னேன் என்று ஒரு நொடி பட்டது. பட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த எழுத்தை அழகாகப் போடுகிற கவலை எனக்கு.

"கீழ, இப்படிக்கு, ஓர் இந்துப் பொதுஜனம்னு போடு."

"நம்ம இந்து இல்லியேப்பா?"

"அப்பதான் எடுபடும்."

அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அம்மா வாசலில் வந்து நின்றாள். "பிள்ளைய எதுக்கு இதுல இழுக்கிய?" என்றாள்.

"என் எழுத்து எல்லாருக்கும் தெரியும்லா. பொய் சொல்லி வேல வாங்குதது பாவமா இல்லியா, அதச் சொல்லு நீ." அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது.

அப்பா தாளை எடுத்து முழுக்கப் படித்தார். இரண்டு தடவை படித்தார். ஓர் எழுத்துக்குக் கால் விட்டுப்போனதைத் திருத்தச் சொன்னார். மேலே இருந்த சிலுவை அவர் கண்ணில் படவே இல்லை. எப்படிப் படும்? வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த ஒவ்வொரு தாளின் தலையிலும் அது இருந்தது. இந்துப் பொதுஜனம் எழுதின மொட்டைக் கடிதாசியின் தலையில் சிலுவை இருக்கக்கூடாது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நம் போஸ்டாபீசில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் போய்ப் போட்டோம். தபால்பெட்டிக்கு எட்டாமல் நான் எம்பினேன். அப்பா இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். பிறகு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். வெளியூர் ஜனங்கள் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கழுகு வருமா என்று நானும் பார்த்தேன். வரவில்லை. அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கடிதாசியை அவள் முன்னால் வைத்துப் பதில் கேட்டார்களாம். நிரந்தர ஆர்டர் நின்றது. சாதிச் சர்ட்டிபிகேட்டை ரத்து பண்ணினார்கள். இருந்த தற்காலிக வேலையும் போனது.

ஞாயிற்றுக்கிழமை போதகர், விசாரணையில் இருக்கிறவர் போட்டியிட முடியாது என்று அறிவித்தார். அன்று பாடம் வாசித்தது வேறு யாரோ. வெளியே புன்னை மரத்தடியில் அக்காவின் நைனா நின்றுகொண்டு கத்தினார்.

"எவன்யா போட்டது? ஆம்பளயா இருந்தா முன்னால வந்து சொல்லு! எம் பொண்ணு உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஊசி போட்லியா? உங்க வூட்டுக் கெழவிக்குப் பீ மூத்திரம் அள்லியா?"

அள்ளினாள். எங்கள் வீட்டு ஆச்சிக்கு. ஒரு மாசம் தினமும் வந்து.

அப்பா வேதப்புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். "இப்படியெல்லாம் பேசக்கூடாது, இது கோயில்" என்றார்.

நான் குழாயடியில் வேதவசன நோட்டோடு நின்றிருந்தேன். அக்கா நேராக என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "குடு" என்று நோட்டை வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சிலுவை, அதன் கீழே ஓரம் வளைந்த தரை. அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்தாள்.

"ஒண்ணுல கூட தரைய மறக்கல நீ" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுகை கூட வரவில்லை. கால்வழியாகச் சூடாக ஒன்று இறங்கினது. பதினொரு வயசில், பாவாடையில்.

"இன்னாமா பாக்கற அதுல?" என்று நைனா அங்கிருந்து கத்தினார். "யார்னு தெர்தா? சொல்லு, தெர்தா?"

அவள் என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார், அவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். அன்றைக்கே காலனி முழுக்க வந்து நின்றிருக்கும். அப்பாவின் பதவியும் போயிருக்கும், மானமும் போயிருக்கும். பாவாடை நனைந்து நின்ற என்னை அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.

"தெரியல நைனா" என்றாள். "எவனோ இந்துன்னு எழ்தி கீது. வா, வூட்டுக்குப் போலாம்."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். "கால கழுவிக்கோ" என்றாள். போய்விட்டாள்.

அப்பாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரைத் தோப்பு ஓரத்தில் நிறுத்தி, நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். மூடிக் கொடுத்தார். மறுநாள் எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். அவர் போய்ச் சேருகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் காலனியிலிருந்து யாரும் வரவில்லை. பாய்கள் சுருட்டிக் கிடந்தன. பொங்கலுக்குள் அவர்கள் தோப்புக்குள் ஓலைக் கொட்டகை போட்டுத் தனியாக ஜெபம் பண்ண ஆரம்பித்தார்கள். துருப்பிடித்த டிரம்மை யாரோ குப்பை போட எடுத்துக்கொண்டார்கள். "ஐக்கியம் இல்லாத ஜனம், பிரிஞ்சு போயிட்டாங்க" என்று அப்பா கடைசிவரைக்கும் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருத்தம் நிஜம். அவரை அடக்கம் பண்ணின அன்று நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். சாதி பார்க்காத மனுஷன் என்று நினைவு அட்டையில் அச்சடித்தோம். அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான். என் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே.

இடையில் ஒரு தடவை, கல்யாணமான புதிதில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். ஏதோ தனியார் நர்ஸிங் ஹோம் ஆயா உடுப்பு போட்டிருந்தாள், கையில் தூக்குவாளி. நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அந்த பஸ் கிளம்பிவிட்டது. இன்னொரு பஸ்ஸுக்குப் பின்னால் போனேன்.

வாட்ஸ்அப்பில் அந்தச் சிலுவைப் படம் போட்ட மறுநாள் காலனிக்குப் போனேன். ஓலைக் கொட்டகை இப்போது கான்கிரீட். அக்கா சிறுசேரியில் மகளோடு இருக்கிறாளாம். மகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நம்பர் கொடுத்தார்கள். கூப்பிட்டேன்.

"யாரு?"

குவார்ட்டர்ஸ், செயலாளர் மகள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் இரண்டு அடித்தது.

"ஆங். சிலுவ போட்ற பொண்ணா?"

சொல்லவேண்டியதை முந்தின ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது என்ன தெரியுமா? "அக்கா, கோயில் நூற்றாண்டு விழா வருது, நீங்க வரணும்." அதைத்தான் சொன்னேன். என் காதில் விழுந்தது அப்பா குரல்.

அவள் கொஞ்சம் சிரித்தாள். "எங்க உக்கார வெப்பீங்க? பெஞ்சிலியா, பாயிலியா?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"சரி விடு. நீ சின்னப் பொண்ணு அப்போ" என்றாள். "இப்போ இன்னா வயசு?"

அறுபத்திரண்டு என்றேன். "ஓ" என்றாள். பேரப்பிள்ளை அழுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். சின்னப் பெண்ணை அவள் அன்றைக்கே விட்டுவிட்டாள். அறுபத்திரண்டை விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மலரில் இதைப் போடுவீர்களோ மாட்டீர்களோ, தெரியாது. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புங்கள், கிழித்துப் போடாதீர்கள். நேற்று காலையில் எழுத உட்கார்ந்தபோது கை பழக்கத்தில் தாளின் தலைக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். மேலே ஒன்றும் போடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகக் கடைசித் தாளின் அடியில் என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்து, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதாசியில் விட்டுப்போனது அதுதான்.